கல்பெட்டகத்துள் பெயர்கள்: ஹிரோஷிமா நினைவுப் பூங்காவும் நமது பதிவேடுகளும்

ஆசிரியர் பயிற்சி ஒன்றுக்காகச் சில வருடங்களுக்கு முன் ஜப்பான் சென்றிருந்தபோது ஹிரோஷிமா சமாதான நினைவுப் பூங்காவைப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. கனத்த மனதோடு உள்ளே போன எனக்கு முதலில் கண்ணில் பட்டவை மரநிழலும், வரிசையாக நடந்துபோன பாடசாலைப் பிள்ளைகளும்தான். இவ்வளவு அமைதியான இடத்திலா அது நடந்தது என்று தோன்றிற்று.

அந்தப் பூங்கா இருக்கும் நிலம் ஒரு காலத்தில் நகாஜிமா என்ற நெருக்கமான குடியிருப்பு. கடைகளும் வீடுகளும் நிறைந்த தெருக்கள். 1945 ஓகஸ்ட் 6 காலை 8.15க்கு விழுந்த அணுகுண்டு அந்தக் குடியிருப்பையே துடைத்தெறிந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் நகரில் இறந்தோர் தொகை சுமார் 1,40,000 என மதிப்பிடப்படுகிறது. ‘சுமார்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். குடும்பம் குடும்பமாக அழிந்துபோனால் காணவில்லை என்று சொல்வதற்கும் ஆள் மிஞ்சுவதில்லை. அதனால்தான் கணக்கு இன்றும் மதிப்பீடாகவே நிற்கிறது.

பூங்காவின் நடுவில் வளைந்த கூரை போன்ற ஒரு நினைவுச் சின்னம் உண்டு. கென்சோ டாங்கே என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்து 1952இல் திறக்கப்பட்டது. இறந்தவர்களை மழை நனைக்காமல் காக்கும் வீட்டுக் கூரையாக அதை அமைத்திருக்கிறார்கள். கூரையின் கீழே ஒரு கல்பெட்டகம் இருக்கிறது. அதற்குள் எலும்போ சாம்பலோ கிடையாது; இருப்பவை பெயர்ப் பதிவேடுகள். அணுகுண்டுப் பாதிப்புக்குள்ளாகிப் பின்னர் இறந்தவர்களின் பெயர்களை ஒவ்வோர் ஆண்டும் சேர்த்து, ஓகஸ்ட் 6 அன்று பெட்டகத்துள் வைக்கிறார்கள். இன்று அதில் மூன்று இலட்சத்துக்கும் அதிகமான பெயர்கள் உள்ளன. மழைக்காலத்துக்கு முன் பதிவேடுகளை வெளியே எடுத்து, ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிக் காற்றாட விடுவதும் வழக்கம். பூஞ்சணம் பிடித்துப் பெயர்கள் அழிந்துவிடக் கூடாதல்லவா?

என்னை நிற்க வைத்த செய்தி வேறொன்று. பெயர் தெரியாமல் இறந்த பலருக்கென்றே ஒரு தொகுதி தனியாக ஒதுக்கப்பட்டிருக்கிறது. பெயர் தெரியாதவர் என்பதற்காக அவரைக் கணக்கிலிருந்து விட்டுவிடவில்லை. சற்றுத் தள்ளிப் புல் மூடிய ஒரு மேடு இருக்கிறது. உரிமை கோர யாருமற்ற சுமார் 70,000 பேரின் சாம்பல் அதற்குள் இருக்கிறது.

ஆனால் எல்லோருக்கும் உடனே இடம் கிடைத்துவிடவில்லை. அன்று ஜப்பானின் ஆட்சிக்குட்பட்டிருந்த கொரியர்களும் ஆயிரக்கணக்கில் இங்கு மாண்டார்கள். அவர்களுக்கான நினைவுத்தூண் 1970இல் பூங்காவுக்கு வெளியேதான் நிறுவப்பட்டது. அது உள்ளே வந்தது 1999இல். நினைவிலும் உள், வெளி என்று கோடு போடுவது எல்லா நாட்டிலும் இருக்கிறது போலும்.

நம் வாசகர்கள் பலர் அறியாத ஒரு விடயத்தையும் சொல்ல வேண்டும். போர்க்காலத்தில் ஜப்பான் தன் பிடியிலிருந்த தென்கிழக்காசிய நாடுகளிலிருந்து சுமார் 200 மாணவர்களைப் படிக்க அழைத்து வந்தது. அவர்களுள் முஸ்லிம்களும் இருந்தார்கள். சிலர் ஹிரோஷிமாவில் படித்தார்கள். பூங்காவுக்குத் தெற்கே மொத்தோயாசு ஆற்றங்கரையில் அவர்களின் விடுதி இருந்த இடத்தை ஒரு நினைவுக்கல் காட்டுகிறது. மலாயாவைச் சேர்ந்த நிக் யூசுப் அந்தக் குண்டுவீச்சில் உயிரிழந்தார். நகருக்கு மேற்கே ஒரு பௌத்த விகாரையின் மையவாடியில் அவருடைய கப்ர் இருக்கிறது. அதே மலாயாவைச் சேர்ந்த சையித் உமர் தப்பியதாகத்தான் எண்ணினார். தோக்கியோ போகும் வழியில் நோய் முற்றி, செப்டெம்பர் 3ஆம் திகதி கியோத்தோவில் இறந்தார். அவரும் ஒரு விகாரையின் வளவில்தான் அடங்கியிருக்கிறார். அந்நிய மண்ணில், வேற்று மதத்தவர் காத்துவரும் இரண்டு கப்ருகள். ஆற்றங்கரையில் நின்று துஆ ஓதியபோது எனக்கு எங்கட ஊர்தான் நினைவுக்கு வந்தது.

1990இல் என்ட சாச்சா அரிசி எடுத்து வரப் போனார். “அஸருக்குள்ள வந்துருவன்” எண்டு சொல்லிட்டுப் போனவர், இன்னும் வரவில்லை. மையித்து கிடைக்கவில்லை, அதனால் கப்ரும் இல்லை. அடக்கப்பட்டவர்களின் பெயர்தான் எங்கள் பள்ளிவாசல் பதிவேட்டில் ஏறும் என்பதால், அதிலும் அவர் இல்லை. காத்தான்குடிப் பள்ளிவாசல் சுவரின் குண்டுத் துளைகள் அன்று நடந்ததை இன்றும் சொல்கின்றன. பாதையில் காணாமற்போனவர்களுக்கு அப்படி ஒரு சுவரும் இல்லை. அதே வருடத்தில் அயலிலுள்ள தமிழ்க் கிராமங்களிலிருந்து போனவர்களும் திரும்பவில்லை. அவர்களின் தாய்மாருக்கும் இதே நிலைதான்.

நமக்குப் பெரிய பூங்கா வேண்டியதில்லை. ஒரு கொப்பி போதும். பெயர், தகப்பன் பெயர், வயது, தொழில், கடைசியாகக் கண்ட இடம், கண்டவர் யார் என்று எழுதுவோம். சொல்பவர் மறந்ததை மறந்தார் என்றே குறிப்போம். ஊகத்தால் நிரப்ப வேண்டாம். பெயர் தெரியாதவருக்கும் ஒரு பக்கம் விடுவோம். அயல் கிராமத்துப் பெயர்களையும் அவர்கள் விரும்பினால் சேர்ப்போம். பழிவாங்குவதற்கான பட்டியலாக இது மாறிவிடக் கூடாது. சாட்சி சொல்லக்கூடியவர்கள் எழுபதைத் தாண்டிவிட்டார்கள். ஒவ்வொரு ஜனாஸாவோடும் சில பெயர்களும் சேர்ந்தே அடங்கிவிடுகின்றன.

ஊர் திரும்பியதும் சாச்சியிடம் கொப்பியோடு போனேன். வயது முப்பத்தைந்து என்று நானே எழுதியிருந்தேன். வாசித்துக் காட்டியதும் அவர் தடுத்தார்.

“முப்பத்தஞ்சு இல்ல மகன், முப்பத்திநாலு. அடுத்த நோன்புக்குத்தான் முப்பத்தஞ்சு வரும்.”

வெட்டிவிட்டுத் திருத்தி எழுதினேன். அதற்குப் பிறகு லுஹர் வரைக்கும் அவர் சொல்லிக்கொண்டே இருந்தார்.