வகுப்பறையே ஆய்வுக்களம்

கல்வியியல் முனைவர் என்பது ஆசிரியர் பணியிலிருந்தவாறே பயிலத்தக்க தொழில்சார் பட்டமாகும். 1920இல் நிறுவப்பெற்ற ஹார்வர்டு கல்வியியல் பள்ளி அறிமுகப்படுத்திய இதனை, சிங்கப்பூரில் தேசியக் கல்விக் கழகம் வழங்குகிறது.

பகுதிநேரப் படிப்பின் இடர் நேரமின்மை என்பர். அதனினும் பெரிது, ஆய்வுக்களமும் தம் வகுப்பறையாய் அமைவதே. தேக்காவில் கடைக்காரரிடமும் ஆங்கிலத்தையே நாடும் மாணவர், வகுப்பில் பேச்சுத்தமிழை எங்ஙனம் கையாள்கின்றனர் என்று ஓர் ஆசிரியர் ஆராய்வதாகக் கொள்வோம். விடைத்தாள் திருத்தும் கையே இசைவுப் படிவத்தையும் நீட்டினால், 14 வயது மாணவர் மறுக்கத் துணிவாரா? பெற்றோர் கையொப்பம் இவ்வச்சத்தைப் போக்காது.

ஆகவே படிவத்தை வேறோர் ஆசிரியர் வழங்குதல் நன்று. இசைந்தவர் யாவர் என்பதை மதிப்பெண் வழங்கி முடியும்வரை ஆய்வாளர் அறியலாகாது. மறுத்தவரும் அதே பாடத்தைப் பயில்வர். அவர்தம் பேச்சு மட்டும் தரவில் இடம்பெறாது.