பெட்டி பிரிக்காத கார்கள்

போன மாதம் ஒரு சனிக்கிழமை இரவு. நிகழ்ச்சியை முடித்துவிட்டு நிலையத்திலிருந்து கிளம்பும்போது சித்தி மகன் அழைத்தான். "அக்கா, ஒரு மூவாயிரம் வெள்ளி கிடைக்குமா? மூணு மாசத்துல திருப்பித் தந்துடுறேன்."

யாருக்கு என்ன ஆச்சோ என்று பதறிப்போனேன். ஒன்றுமில்லை, கார் வாங்க வேண்டுமாம். மூவாயிரம் வெள்ளிக்கு என்ன கார் கிடைக்கும் என்று கேட்டேன். "ஓட்டுற கார் இல்லக்கா. வெச்சுக்குற கார்."

மறுநாள் ஜூரு ஆட்டோ சிட்டியில் உட்கார்ந்து கைப்பேசியில் படங்களைக் காட்டினான். யாரோ ஒருவர் தன் பொம்மைக் கார் சேகரிப்பை மொத்தமாக விற்கிறார். அட்டை பிரிக்காத ஹாட் வீல்ஸ் பெட்டி பெட்டியாக. கூடவே பெரிய அளவில் ஒரு 1978 கார்வெட். மேலே கறுப்பு, கீழே வெள்ளி நிறம், நடுவில் மெல்லிய சிவப்புக் கோடு, கதவில் இண்டியானாபொலிஸ் 500 என்ற எழுத்து. "இது பேஸ் கார்க்கா. லிமிட்டெட் எடிஷன். அஞ்சு வருசத்துல ரெண்டு மடங்கு."

தம்பிக்கு வயது 27. பிறையில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். புக்கிட் மெர்தாஜாமில் அம்மாவோடு இருக்கிறான். வரும் தை மாதம் கல்யாணம். மண்டபத்துக்கு என்று சேர்த்த பணத்தில் ஏற்கெனவே கை வைத்துவிட்டான் என்பது இரண்டாவது தே தாரிக் வந்த பிறகுதான் வெளியே வந்தது.

எனக்குக் கார் பைத்தியம் கிடையாது. ஆனால் எதையும் நிகழ்ச்சிக்குத் தயாராவதுபோல உட்கார்ந்து படிக்கிற பழக்கம் உண்டு. அன்றிரவு அந்தக் கார்வெட்டைப் பற்றிப் படித்தேன். அவன் முதலீடு என்று காட்டிய கார் இருக்கிறதே, முதலீடு என்று நம்பி வாங்கியவர்களைக் காக்க வைத்ததற்கே பெயர் போன கார் அது.

பேஸ் கார் என்பது பந்தயக் கார்களுக்கு முன்னால் போகும் வண்டி. செப்பாங்கில் 1999 முதல் 2017 வரை ஃபார்முலா 1 பார்த்தவர்களுக்கு 'சேஃப்டி கார்' ஞாபகம் இருக்கும். ஏறக்குறைய அதே வேலைதான். அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் பந்தயத்தில் கார்கள் நின்ற இடத்திலிருந்து புறப்படுவதில்லை. பேஸ் கார் முன்னால் ஓட, எல்லோரும் வரிசையாகப் பின்தொடர்ந்து, அது விலகியதும் பறப்பார்கள். 1911-இல் நடந்த முதல் பந்தயத்திலேயே 40 கார்களை இப்படி அழைத்துச் சென்றது ஒரு ஸ்டோடார்ட் டேட்டன் கார். ஓட்டியவர் அந்தப் பந்தயத் திடலை உருவாக்கியவர்களில் ஒருவரான கார்ல் ஃபிஷர்.

எந்த நிறுவனத்தின் கார் முன்னால் போகிறதோ, அதற்கு அது பெரிய விளம்பரம். ஆகவே அதே நிறத்தில், அதே எழுத்துகளோடு கொஞ்சம் கார்களைச் செய்து பொதுமக்களுக்கும் விற்பார்கள். இவைதான் 'ரெப்ளிகா'. 1969-இல் செவர்லே இப்படி விற்ற வெள்ளை கமாரோக்கள் 3,675. (இந்தக் கௌரவத்திலும் ஆபத்து உண்டு. 1971-இல் ஒரு டாட்ஜ் சேலஞ்சர் பேஸ் கார், வேலையை முடித்துவிட்டு உள்ளே திரும்பியபோது நிற்காமல் போய்ப் புகைப்படக்காரர்கள் நின்றிருந்த மேடையில் மோதியது. இருபதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள்.)

1978 கார்வெட்டுக்கு 25-ஆவது ஆண்டு. அது பேஸ் கார் ஆனதும் அந்த ஆண்டுதான் முதல் முறை. முதலில் 300 ரெப்ளிகா போதும் என்று நினைத்தார்கள். பிறகு, ஓர் ஆண்டுக்கு நூறு என்று 25 ஆண்டுகளுக்கு 2,500 செய்யலாம் என்றார்கள். கடைசியில் நாட்டிலுள்ள ஒவ்வொரு விற்பனையாளருக்கும் ஒன்றாவது கொடுக்க வேண்டும் என்று முடிவாகி, 6,502 கார்கள் வெளியே வந்தன. 'அரிய' கார் இப்படித்தான் மாதத்துக்கு மாதம் பெருகியது.

விலை 13,653 டாலர். சாதாரண கார்வெட் அப்போது ஏறக்குறைய 9,350 டாலர். அந்த ஆண்டு மார்ச்சில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நாளிதழ் இந்தக் காருக்கான அடிதடியைப் பற்றி எழுதியது. அவ்வளவுதான். கார் கடைக்கு வரும் முன்பே இரண்டு மடங்கு விலை கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். சாதாரண கார்வெட்டுக்கு அதே வண்ணம் அடித்து 'பேஸ் கார்' என்று விற்றவர்களும் உண்டு. இன்றும் வாங்குகிறவர்கள் முதலில் பார்ப்பது சேஸிஸ் எண்ணைத்தான். அசல் பேஸ் கார்களின் வரிசை எண் 900001-இல் தொடங்குகிறது.

வாங்கியவர்களில் பலர் ஓட்டவில்லை. இருக்கையின் பிளாஸ்டிக் உறையைக்கூடக் கிழிக்காமல் கொட்டகையில் பூட்டி வைத்தார்கள். கதவில் ஒட்ட வேண்டிய எழுத்துகள் தனியாகக் காருக்குள்ளேயே வந்தன. அவற்றையும் ஒட்டாமல் அப்படியே பத்திரப்படுத்தினார்கள்.

பழைய பொருளுக்கு ஏன் விலை ஏறுகிறது? அதைப் போன்றவை உடைந்து, துருப்பிடித்து, பழைய இரும்புக்குப் போய், ஒன்றிரண்டு மட்டும் மிஞ்சுவதால். இந்தக் காரில் அது நடக்கவே இல்லை. எல்லோரும் பத்திரமாக வைத்திருந்தார்கள். ஆகவே எல்லாமே இருக்கின்றன. 13,653 டாலர் என்பது இன்றைய கணக்கில் 60,000 டாலருக்கும் மேல். நல்ல நிலையில் உள்ள ஒரு 1978 பேஸ் கார் பெரும்பாலும் அதைவிடக் குறைவாகத்தான் விலைபோகிறது. கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு கொட்டகை வாடகையை நான் சேர்க்கவில்லை.

அடுத்த ஞாயிறு சித்தி வீட்டுக்குப் போனேன். தம்பி ஏற்கெனவே வாங்கி வைத்திருந்த ஹாட் வீல்ஸ் அட்டைகளைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்துக் காட்டினான். சித்தி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். இளவயதில் பல வருடம் பிறையில் பொம்மைத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்த்தவர் அவர்.

இங்கே பலருக்கு இது தெரியாது. உலகிலேயே மிகப் பெரிய ஹாட் வீல்ஸ் தொழிற்சாலை நம் பிறையில்தான் இருக்கிறது. அமெரிக்காவின் மேட்டல் நிறுவனம் 1968-இல் பதினாறு கார்களோடு தொடங்கிய பொம்மை வரிசை அது. அந்தச் சின்னக் காரைத் திருப்பிப் பாருங்கள், அடியில் 'மலேசியா' என்று இருக்கும். துத்தநாகக் கலவையை உருக்கி அச்சில் வார்த்து, வண்ணம் அடித்து, மெத்தென்ற ரப்பர் அச்சால் கோடும் எழுத்தும் பதித்து, அடித்தட்டை அறைந்து இறுக்கினால் ஒரு கார். வாரத்துக்குப் பல மில்லியன் கார்கள் இப்படிக் கிளம்புகின்றன.

"இதுல என்னடா அபூர்வம்? ஒரு ஷிப்ட்ல எத்தனை போகும்னு எண்ணவே முடியாது, கண்ணு பூத்துப் போயிடும்" என்றார் சித்தி.

"அம்மா, அது வேற. இது டிரெஷர் ஹண்ட்."

அவன் பக்கமும் கொஞ்சம் நியாயம் உண்டு. 1995-இல் இந்த 'டிரெஷர் ஹண்ட்' வரிசையைத் தொடங்கியபோது 12 கார்கள், ஒவ்வொன்றிலும் 10,000 மட்டுமே செய்தார்கள். அவற்றுக்கு இன்று நல்ல விலை உண்டு. ஆனால் சேகரிப்பாளர்கள் உயிரை விடும் கார் வேறு. 1969-இல் சோதனைக்காகச் செய்த ஒரு ஃபோக்ஸ்வாகன் வேன். பின் கண்ணாடி வழியாக அலைச்சறுக்குப் பலகைகள் நீட்டிக்கொண்டிருக்கும். அகலம் குறைவாக இருந்ததால் அந்தக் காலத்துப் பொம்மைத் தண்டவாளத்தில் சரியாக ஓடவில்லை. வடிவத்தை மாற்றிவிட்டார்கள். பழையது கடைக்கே வரவில்லை. அதில் இளஞ்சிவப்பு வேன் ஒன்றை ஒரு லட்சம் அமெரிக்க டாலருக்கும் மேல் மதிப்பிடுகிறார்கள். அதைச் செய்தவர்கள் யாரும் 'லிமிட்டெட் எடிஷன்' என்று அச்சடிக்கவில்லை.

எங்கள் வீட்டிலும் ஒரு கதை உண்டு. 1985 செப்டம்பர் 14-இல் பினாங்குப் பாலம் திறக்கப்பட்டபோது, அப்போதைய பிரதமர் மகாதீர் முகமது ஒரு புரோட்டோன் சாகாவை ஓட்டிக்கொண்டு பாலத்தைக் கடந்தார். சாகா வெளிவந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. என்னைக் கேட்டால், நமக்கென்று ஒரு பேஸ் கார் இருந்தது என்றால் அதுதான். பின்னாளில் அப்பாவும் ஒரு பழைய சாகா வாங்கினார். பள்ளிக்கு, கோயிலுக்கு, தண்ணீர்மலைத் தைப்பூசத்துக்கு என்று எங்கள் ஐந்து பேரையும் சுமந்தது. கடைசியில் சில நூறு வெள்ளிக்குப் பழைய இரும்புக்காரரிடம் போனது. யாருக்கும் அதைப் பெட்டியில் வைக்கத் தோன்றவில்லை. இன்று அதே காலத்துச் சாகா ஒன்று பளபளவென்று சாலையில் போனால், திரும்பிப் பார்க்காதவர் இல்லை. முதல் சாகா தேசிய அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

மூவாயிரம் வெள்ளி நான் கொடுக்கவில்லை. நேராகவே சொன்னேன்: "பிடிச்சிருந்தா வாங்கு. ரெண்டு மடங்கு ஆகும்னு வாங்காத. மண்டபக் காசைத் தொடாத." இரண்டு நாள் பேசவில்லை. பிறகு, கட்டிலுக்கு அடியில் இருந்தவற்றில் பாதியை வாங்கிய விலைக்கே விற்று மண்டபத்துக்கு முன்பணம் கட்டிவிட்டான். அந்தக் கறுப்பு வெள்ளிக் கார்வெட்டை மட்டும் விட மனமில்லை. சரி, கல்யாணப் பரிசாக இருக்கட்டும் என்று நானே வாங்கிக் கொடுத்தேன்.

பெட்டியைப் பிரிக்கக் கூடாது என்று அவன் கத்திக்கொண்டிருக்கும்போதே சித்தி பிரித்துவிட்டார். காரைக் கையில் எடுத்து வண்ணத்தைத் தடவினார். சிவப்புக் கோடு கதவு இடுக்கில் நேராகச் சேருகிறதா என்று கண்ணருகே வைத்துப் பார்த்தார். பிறகு திருப்பி அடியைப் படித்தார்.

"சைனா" என்றார். "நம்ம கை இல்ல. ஆனா கோடு நல்லாத்தான் போட்டிருக்கான்."