கணவாய்க் காற்றும் கடற்கரை மணலும்

செங்கோட்டை வழியாக வரும் காற்றுக்கு விலை இல்லை. அதை மின்சாரமாக்கும் உலோகங்களுக்கு விலை உண்டு, அளவு உண்டு, அவற்றைத் தோண்டும் இடத்தில் மனிதர்களும் உண்டு.

பாலக்காடு, கம்பம், செங்கோட்டை, ஆரல்வாய்மொழி. தமிழ்நாட்டில் காற்றாலை வைப்பவர்கள் எண்ணிச் சொல்லும் நான்கு கணவாய்கள் இவை. செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவு வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று நுழையும்போது குற்றாலத்தில் சாரல் விழுகிறது. ஈரத்தை மலையிலேயே இறக்கிவிட்டு வரும் அந்தக் காற்று சுரண்டை, பாவூர்சத்திரம், ஆலங்குளம் தாண்டிக் கயத்தாறு வரை வெட்டவெளியில் வீசுகிறது. ஊரார் ‘சீசன்’ என்று சொல்லும் மாதங்களே காற்றாலைகளுக்கும் அறுவடைக் காலம்.

தமிழ்நாட்டின் முதல் காற்றாலைப் பண்ணை 1986-ல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் எழுந்தது. கயத்தாறில் தேசியக் காற்றாற்றல் நிறுவனத்தின் சோதனை நிலையம் இருக்கிறது. இன்று மாநிலத்தின் காற்றாலைத் திறன் 11,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. குஜராத்துக்கு அடுத்த இடம் நமக்கு. இது பெருமைப்பட வேண்டிய சாதனைதான். ஆனால் இந்தக் கணக்கை நாம் எப்போதும் மெகாவாட்டில்தான் சொல்கிறோம். கிலோவிலும் டன்னிலும் சொல்லிப் பார்க்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

ஒரு மெகாவாட்டின் எடை

பன்னாட்டு எரிசக்தி முகமை 2021-ல் வெளியிட்ட அறிக்கை ஒரு கணக்கைத் தந்தது. ஒரே அளவு திறனுக்கு, எரிவாயு மின் நிலையத்தைவிட நிலத்தில் நிற்கும் காற்றாலைக்கு ஒன்பது மடங்கு கனிமங்கள் தேவை. இரும்பையும் அலுமினியத்தையும் சேர்க்காமலே இந்தக் கணக்கு. செம்பு மட்டும், மின்வடங்களையும் சேர்த்து, மெகாவாட்டுக்கு ஏறத்தாழ 3 டன்.

அந்த 3 டன் எங்கிருந்து வருகிறது? உலகின் செம்புச் சுரங்கங்களில் தாதுவின் தரம் பல ஆண்டுகளாகவே குறைந்துகொண்டு வருகிறது. ஒரு டன் பாறையில் 6 கிலோ செம்பு என்று வைத்துக்கொண்டால், ஒரு மெகாவாட் காற்றாலைக்கு 500 டன் பாறையை உடைத்தாக வேண்டும். தாதுவுக்கு மேலே அகற்றிக் கொட்டும் மண்ணும் கல்லும் இதில் சேரவில்லை.

இதைக் கேட்டதும் ‘அப்படியானால் நிலக்கரியே மேல்’ என்று சிலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். அது தவறான முடிவு. நான்கில் ஒரு பங்கு நேரம் முழுத் திறனில் ஓடியதற்குச் சமமாக ஒரு காற்றாலை இயங்கினால், ஒரு மெகாவாட்டிலிருந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 22 லட்சம் யூனிட் கிடைக்கும். அதையே அனல்மின் நிலையத்தில் எடுக்க, யூனிட்டுக்கு 700 கிராம் என்று கொண்டால், ஆண்டுக்கு 1,500 டன் நிலக்கரி எரிய வேண்டும். இருபது ஆண்டில் 30,000 டன். எரிந்த நிலக்கரி திரும்ப வராது. அதன் சாம்பலும் புகையும்தான் மிஞ்சும். செம்போ இருபது ஆண்டுக்குப் பிறகும் செம்பாகவே இருக்கிறது. காற்றாலையின் உண்மையான மேன்மை அதுதான். அந்தச் செம்பைத் திரும்ப எடுத்தால் மட்டுமே அந்த மேன்மை நிலைக்கும்.

மணலில் இருக்கும் காந்தம்

செம்பைவிடச் சிக்கலான பொருள் காந்தம். கியர்பாக்ஸ் இல்லாமல் நேரடியாகச் சுழலும் நிரந்தரக் காந்த ஜெனரேட்டர்களில் மெகாவாட்டுக்கு ஏறத்தாழ 600 கிலோ காந்தம் இருக்கும். இரும்பு, போரானோடு நியோடிமியம், பிரசியோடிமியம் என்னும் அருமண் தனிமங்களைக் கலந்து செய்வது அது. வெப்பம் ஏறினாலும் காந்தத்தன்மை இழக்காதிருக்க டிஸ்ப்ரோசியமும் டெர்பியமும் சிறிதளவு சேர்ப்பார்கள்.

நியோடிமியம் செங்கோட்டைக்குத் தொலைவில் இல்லை. ஆரியங்காவைத் தாண்டி 1904-ல் போட்ட ரயில் பாதை போய்ச் சேரும் கொல்லத்துக்கு வடக்கே சவறா இருக்கிறது. தெற்கே கன்னியாகுமரி மாவட்டத்தில் மணவாளக்குறிச்சி இருக்கிறது. இரண்டு கரைகளிலும் கறுத்த மணல். இல்மனைட், ரூட்டைல், சிர்க்கான், கார்னெட் ஆகியவற்றோடு நியோடிமியம் கொண்ட மோனசைட்டும் சிறு பங்காக அதில் கலந்திருக்கிறது. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டையும் இந்தக் கரைகளும் ஒரே ஆட்சியில், முதலில் திருவிதாங்கூரிலும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியிலும், இருந்தன. இந்தக் கரைகளிலிருந்து ஜெர்மனிக்குப் போன தேங்காய் நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலைக் கண்டுதான் 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் மணவாளக்குறிச்சி மோனசைட்டைக் கண்டுபிடித்தார். அன்று உலகுக்கு வேண்டியிருந்தது அதிலுள்ள தோரியம். கேஸ் விளக்கின் வலைத்திரிக்காக. இன்று வேண்டியிருப்பது நியோடிமியம்.

இந்தியாவில் 1.3 கோடி டன்னுக்கு மேல் மோனசைட் இருப்பதாக அரசு நாடாளுமன்றத்தில் சொல்லியிருக்கிறது. கடற்கரையில் மட்டுமின்றித் தேரி என்னும் செம்மணல் மேடுகளிலும் அது உண்டு. இவ்வளவு இருந்தும் தட்டுப்பாடு ஏன்? 100 கிலோ மோனசைட்டில் அருமண் ஆக்சைடுகள் 55 முதல் 60 கிலோ. அதில் பெரும்பகுதி சீரியமும் லாந்தனமும். நியோடிமியம் ஐந்தில் ஒரு பங்கு அளவுதான். ஏறத்தாழ அதே அளவுக்குக் கதிரியக்கமுள்ள தோரியமும் கூடவே வந்துவிடும். டிஸ்ப்ரோசியமும் டெர்பியமும் நம் மணலில் எடுக்கத்தக்க அளவில் இல்லை. ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும் இந்தத் தனிமங்களைப் பிரிக்கப் பல கட்ட அமிலக் கரைசல் வேலை வேண்டும். பிரித்ததை உலோகமாக்கி, காந்தமாக்கும் தொழிற்சாலை வேண்டும். 1950-ல் தொடங்கிய, ஒன்றிய அரசின் ஐஆர்இஎல் (இந்திய அருமண்) நிறுவனம் ஆலுவாவில் 1952 முதல் அருமண்களைப் பிரித்து வந்தபோதிலும், காந்தம் வரை போகும் சங்கிலி இங்கே வளரவில்லை. உலகின் அருமண் காந்தங்களில் பத்தில் ஒன்பது பங்கைச் சீனா செய்கிறது. 2025 ஏப்ரலில் அது ஏழு அருமண் தனிமங்களுக்கும் காந்தங்களுக்கும் ஏற்றுமதிக் கட்டுப்பாடு விதித்தபோது நம் வாகனத் தொழிற்சாலைகள் தவித்தன. அதே ஆண்டு நவம்பரில் ஒன்றிய அரசு ஆண்டுக்கு 6,000 டன் காந்தம் செய்ய 7,280 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது.

தோண்டும் இடத்தில் யார் இருக்கிறார்கள்?

காந்தம் இங்கேயே செய்வது நல்லது. ஆனால் அதற்கான மணல் யாருடைய வாசலில் இருக்கிறது என்பதையும் பேசியாக வேண்டும்.

கன்னியாகுமரி மாவட்டத்தின் கிள்ளியூர் வட்டாரத்தில் கீழ்மிடாலம், மிடாலம், இனயம் புத்தன்துறை, ஏழுதேசம், கொல்லங்கோடு ஊர்களில் 1,144 ஹெக்டேர் பரப்பில் மணல் எடுக்க ஐஆர்இஎல் திட்டமிட்டது. 2024 அக்டோபர் 1-க்கு அறிவித்த கருத்துக் கேட்புக் கூட்டம் மீனவ மக்களின் எதிர்ப்பால் நடக்கவில்லை. கொல்லம் மாவட்டத்தின் ஆலப்பாட்டில், கடல் தங்கள் நிலத்தைத் தின்றுகொண்டே வருவதற்கு மணல் எடுப்பே காரணம் என்று மக்கள் 2018 முதல் போராடினார்கள். தமிழ்நாட்டுக் கடற்கரையில் தனியார் நடத்திய தாது மணல் கொள்ளையால் 2013-ல் அரசு தடை போட வேண்டி வந்ததையும், 2025 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சிபிஐ விசாரணைக்கு உத்தரவிட்டதையும் யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

செம்பின் கதை இன்னும் கொடியது. தூத்துக்குடியில் 2018 மே 22, 23 தேதிகளில் ஸ்டெர்லைட் செம்பு உருக்காலைக்கு எதிரான போராட்டத்தில் காவல்துறை சுட்டதில் 13 பேர் இறந்தார்கள். ஆலை மூடப்பட்டது. அதுவரை சுத்திகரித்த செம்பை ஏற்றுமதி செய்துவந்த நாடு, இறக்குமதி செய்யும் நாடாக மாறியது. வேறு கனிமத்துக்கும் மக்கள் இப்படி மறுத்ததுண்டு: மதுரை அரிட்டாபட்டியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு விட்ட ஏலத்தை, ஊர்கள் திரண்டு எதிர்த்ததால் 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு ரத்து செய்தது.

கனிமத்தின் எல்லை என்று நிலவியலாளர் சொல்வது பூமிக்கு அடியில் இருக்கிறது. நம் தென் மாவட்டங்கள் கண்ட எல்லை பூமிக்கு மேலே, வாழும் மக்களின் சம்மதத்தில் இருக்கிறது. 2025 செப்டம்பரில் ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகம், மோனசைட் உள்ளிட்ட அணுக் கனிமச் சுரங்கங்களுக்கும் முக்கியக் கனிமச் சுரங்கங்களுக்கும் கருத்துக் கேட்பே தேவையில்லை என்று அறிவித்தது. தமிழக முதல்வர் அதைத் திரும்பப் பெறக் கோரிக் கடிதம் எழுதினார். அந்த அறிவிப்பு நிச்சயமாகத் திரும்பப் பெறப்பட வேண்டும். கேட்காமல் எடுத்த மணலில் செய்த காந்தம் தூய மின்சாரம் தராது.

பழைய காற்றாலையே புதிய சுரங்கம்

அப்படியானால் உலோகம் எங்கே? ஒரு பகுதி ஏற்கெனவே நம் காடுகரைகளில் நின்றுகொண்டிருக்கிறது. தொண்ணூறுகளில் நட்ட 225, 250, 500 கிலோவாட் காற்றாலைகள் ஆயுளின் கடைசிக்கு வந்துவிட்டன. காற்று நன்றாக வீசும் இடங்களையெல்லாம் முதலில் பிடித்தவை அவைதான். அவற்றை எடுத்துவிட்டு 2, 3 மெகாவாட் எந்திரம் வைக்கவும், சிலவற்றைப் பழுதுபார்த்து ஆயுள் நீட்டிக்கவும் தமிழ்நாடு அரசு 2024-ல் தனிக் கொள்கை வெளியிட்டது. அதில் மின்சாரக் கணக்கோடு உலோகக் கணக்கும் சேர வேண்டும். கழற்றும் ஒவ்வொரு காற்றாலையிலும் எவ்வளவு செம்பு, எவ்வளவு எஃகு, காந்தம் இருந்தால் எவ்வளவு, அது யாரிடம் போகிறது என்பதை எழுதி வைக்கக் கட்டாயம் வேண்டும். எஃகும் செம்பும் எப்படியும் பழைய இரும்புக்காரர் கைக்குப் போய்விடும். காந்தமும் கண்ணாடியிழை இறக்கையும்தான் கேட்பாரற்றுக் கிடக்கும். வருங்காலத்தில் கழற்றப்போகும் காந்தங்களுக்கு இப்போதே வழி செய்ய வேண்டும்.

எந்திரத் தேர்விலும் இடம் உண்டு. நிரந்தரக் காந்தம் இல்லாமல் செம்புச் சுருளால் காந்தப்புலம் உண்டாக்கும் ஜெனரேட்டர்கள் பல ஆண்டுகளாக நம் ஊர்களிலேயே ஓடுகின்றன. எடை குறைவாக இருந்தாக வேண்டிய கடல் காற்றாலைக்குக் காந்தம் தேவைப்படலாம். சுரண்டைப் பொட்டலில் அந்த அவசியம் இல்லை.

எல்லாவற்றையும்விட எளிய சேமிப்பு ஒன்று உண்டு. காற்று உச்சத்தில் வீசும்போது மின்தடத்தில் இடமில்லை என்று காற்றாலைகளை நிறுத்தச் சொல்வது இந்தத் தொழிலின் பழைய குறை. அப்படி நிறுத்திய ஒவ்வொரு மணி நேரமும் அதற்குள் இருக்கும் செம்பும் காந்தமும் வீண். ஆனைமலைப் பகுதியில் காடம்பாறை நீரேற்று மின் நிலையம் 400 மெகாவாட் திறனோடு 1980-களிலிருந்து இயங்குகிறது. மிச்ச மின்சாரத்தால் நீரை மேலேற்றி, தேவையானபோது இறக்கும் முறை அது. அதற்கு லித்தியம் வேண்டாம். மலையைக் கெடுக்காத இடங்களில் அத்தகைய சேமிப்பும், போதிய மின்தடமும் வந்தால், புதிதாக ஒரு காற்றாலைகூட நடாமலே கூடுதல் மின்சாரம் கிடைக்கும்.

தென்காசி மாவட்டத்தில் அடுத்த காற்றாலைக்கு அனுமதி தரும்போது அரசு மூன்று கேள்விகளைக் கேட்கட்டும். இதற்குள் என்ன உலோகம், எவ்வளவு? அது எந்த ஊரிலிருந்து, அந்த ஊரின் சம்மதத்தோடு வந்ததா? இருபது ஆண்டுக்குப் பிறகு எங்கே போகும்? இந்த மூன்றுக்கும் பதில் எழுதப்பட்ட காற்றாலைகள்தான் நமக்கு வேண்டும். அவற்றை நிறையவே நட வேண்டும். நிலக்கரியை நிறுத்த வேறு வழி இல்லை.