தொலைக் கணினியின் பட்டியலும் அதன் நகலும்

தொலைவிலுள்ள கணினியிலிருந்து மழையளவுக் கோப்புக்களையோ, வரைபடங்களையோ, பாடக் குறிப்புக்களையோ வரவழைத்துக் கொள்ளுதல் இன்று வெளிக்கள அலுவலர் பலருக்கும் ஆசிரியர் சிலருக்கும் அன்றாடக் கடமையாகிவிட்டது. இதனைக் கட்டளைகளைத் தட்டெழுதியே செய்து முடிக்கும் கருவிகள் பல உள. அவற்றுள் ஒன்று, ருஷ்ய நாட்டவரான அலெக்ஸாண்டர் லுக்யானோவ் என்பார் 1996-ஆம் ஆண்டு முதல் உருவாக்கி வந்த எல்.எஃப்.டி.பி. என்பதாகும். அதில் அமைந்துள்ள ஓர் ஏற்பாடு நமது காலத்தைப் பெரிதும் மீதப்படுத்துவது. அறியாதாரை ஏமாற்றவும் வல்லது.

கோப்புக்களைக் கணினிக்குக் கணினி அனுப்புவதற்கான எஃப்.டி.பி. என்னும் விதிமுறையை 1971-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் முதன் முதலாக வகுத்து வெளியிட்டவர் அபய் பூஷண் என்ற இந்தியர். கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் முதல் அணி மாணவர்களுள் ஒருவராகிய இவர், அப்போது அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றினார். அவ்விதிமுறை 1985-இல் திருத்தி எழுதப்பட்டு, அந்த உருவிலேயே பெரும்பாலும் நிலைத்துவிட்டது.

இவ்விதிமுறைப்படி ஒரு டைரக்டரியிலுள்ள கோப்புக்களின் பட்டியலைப் பெறுவது, வெளிக்குத் தோன்றுமளவு எளிய காரியமன்று. கட்டளைகள் ஓர் இணைப்பின் வழியே செல்லும்; பட்டியலோ அதற்கென்றே புதிதாகத் திறக்கப்படும் மற்றோர் இணைப்பின் வழியே வரும். முதலில், எந்த வாயிலில் இணைவது என்று சர்வரை வினவி விடை பெற வேண்டும். பின்னர் அவ்வாயிலில் இணைப்பு ஏற்பட வேண்டும். அதன் பின்னரே பட்டியலைக் கேட்டுப் பெற இயலும். ஆக, மூன்று முறையாவது செய்தி போய்த் திரும்ப வேண்டும். நகரத்தில் இது கண்ணிமைக்கும் நேரம். ஆனால் செயற்கைக் கோளின் வழியே தொடர்பு கொள்ளும் மலைப்பகுதி நிலையமொன்றை எண்ணிப் பாருங்கள். புவிநிலைக் கோள் சுமார் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் உள்ளது. செய்தி ஏறி இறங்கிச் சர்வரை அடைந்து, விடையும் அவ்வாறே ஏறி இறங்க ஏறத்தாழ அரை விநாடி ஆகும். மூன்று போக்குவரவுக்கு ஒன்றரை விநாடி. பட்டியலில் பல்லாயிரம் பெயர்கள் இருப்பின் அவை வந்து சேரும் நேரம் வேறு.

ஒரு முறைக்கு இது பெரிதன்று. ஆயினும் கோப்பொன்றைத் தேடுபவர் உள்ளே போவதும், வெளியே வருவதும், முன் பார்த்த பட்டியலையே மீண்டும் பார்ப்பதுமாக இருப்பார். டேப் விசையை அழுத்திப் பெயரை நிரப்பிக் கொள்ளவும் பட்டியல் தேவை. ஆகவே எல்.எஃப்.டி.பி. ஒரு முறை பெற்ற பட்டியலின் நகலைத் தன் நினைவகத்தில் வைத்துக் கொள்கிறது. 'எல்எஸ்' என்று மறுபடி கேட்டால், சர்வரை நாடாமல் அந்நகலையே காட்டிவிடும். இதற்குக் 'கேஷ்' என்று பெயர். தனியே மாற்றாவிடில் நகலின் ஆயுள் 60 நிமிடம். கருவியை மூடினால் நகலும் மறையும்.

இதிலுள்ள இடரை ஆசிரியர்கள் எளிதில் உணர்வர். காலையில் எடுத்த வருகைப் பதிவேட்டைப் பார்த்து, "இன்ன மாணவன் வகுப்பில் இருக்கிறான்" என்று பிற்பகலில் விடை கூறுவது போன்றது இது. அவன் நண்பகலில் வீட்டுக்குச் சென்றிருக்கலாம். தாமதமாக வந்தவன் பெயர் ஏட்டில் இல்லாதிருக்கலாம். சர்வரில் மாறுதல் நேர்ந்தால் அதனைத் தானாகவே நமக்கு அறிவிக்கும் வழி எஃப்.டி.பி.யில் இல்லை. எனவே நகல் பழையதாயிற்றா என்பதை நேரத்தைக் கொண்டு ஊகிப்பதைத் தவிரக் கருவிக்கு வேறு வழியில்லை.

இவ்வெழுத்தாளனே இதில் அகப்பட்டதுண்டு. ஒரு மழைக் காலத்தில், மறு முனையிலிருந்த அலுவலர் அன்றைய ஆற்று நீர்மட்டக் கோப்பை ஏற்றிவிட்டதாகத் தொலைபேசியில் உறுதி கூறினார். என் திரையில் அது இல்லை. மூன்று முறை 'எல்எஸ்' அடித்து, மூன்று முறையும் இல்லையென்று சொன்னேன். அவரும் சலிப்புற்று மீண்டும் ஏற்றினார். முக்கால் மணி நேரம் இவ்வாறு வீணாயிற்று. கீழ்ப்பகுதி ஊர்களுக்குச் செல்ல வேண்டிய குறிப்பும் அந்த அளவு தாமதித்தது. கோப்போ முதலிலிருந்தே அங்கு இருந்தது. நான் பார்த்ததெல்லாம் அவர் ஏற்றுவதற்குச் சற்று முன் எடுத்த பட்டியலின் நகலையே.

இதற்குப் பரிகாரம் மிகச் சிறிது. 'எல்எஸ்' என்பதன் முன் ஆர், இ என்னும் இரண்டு எழுத்துக்களைச் சேர்த்து 'ரெல்ஸ்' என்று அடித்தால், நகலை ஒதுக்கிவிட்டுப் புதிய பட்டியல் வரவழைக்கப்படும். 'கேஷ் ஃப்ளஷ்' என்னும் கட்டளை எல்லா நகல்களையும் அழித்துவிடும். மற்றொரு சோதனையும் உண்டு: பட்டியலில் தோன்றாத கோப்பையும் அதன் முழுப் பெயரைச் சொல்லி 'கெட்' என்று கேட்டுப் பாருங்கள். கேள்வி சர்வருக்கே செல்லுமாதலால், கோப்பு இருப்பின் வந்துவிடும். அன்று எனக்கு இது தோன்றவில்லை.

நாமே ஒரு கோப்பை ஏற்றினாலும் அழித்தாலும் அக்கருவி உரிய நகலைத் தானே தள்ளிவிடும். பிறர் செய்த மாறுதலே அதற்குத் தெரியாது. இரு கணினிகளின் டைரக்டரிகளை ஒத்ததாக்கும் 'மிரர்' என்னும் கட்டளையோ, நாம் தனியே அனுமதித்தாலன்றி நகலை நம்புவதில்லை. பழைய பட்டியலைக் கொண்டு ஒப்பிட்டால் வர வேண்டியது வராது போகும். சில வேளைகளில் அழிக்கத் தகாததை அழிக்கவும் நேரும். கண்ணால் பார்ப்பதற்கு ஒரு விதி, செயலுக்கு வேறு விதி என்று ஆக்கியோர் பிரித்தது எமக்கு மிகவும் பொருத்தமாகவே தோன்றுகிறது.

மணிக்கொரு முறை கோப்புக்கள் வந்து சேரும் சர்வரைப் பார்ப்பவர்கள், நகலின் ஆயுளைக் குறைத்துக் கொள்ளலாம். 'செட் கேஷ்:எக்ஸ்பயர் 5எம்' என்று ஆங்கில எழுத்துக்களில் அடித்தால் அது ஐந்து நிமிடமாகும். இவ்வரியைக் கருவியின் தொடக்கக் கோப்பில் எழுதி வைத்தால் ஒவ்வொரு முறையும் அடிக்க வேண்டுவதில்லை. ஆண்டுக்கொரு முறை மாறும் பாடநூற் களஞ்சியத்துக்கு இச்சிக்கனக் குறைப்பு வேண்டாம். 60 நிமிடமே போதும்.