மேற்பிரிவுக்கு ஏறிய சங்கத்தின் வரவு செலவு

இங்கிலாந்தில் ஒவ்வொரு வருஷமும் மே மாதத்தில், லண்டன் வெம்பிளி மைதானத்தில், ஒரு கால்பந்துப் பந்தயம் நடைபெறுகிறது. உலகத்திலேயே அதிகப் பணம் அடங்கிய பந்தயம் அதுவே என்று பலர் சொல்வதுண்டு. சாம்பியன்ஷிப் என்னும் இரண்டாம் பிரிவிலிருந்து பிரீமியர் லீக் என்னும் முதற்பிரிவுக்கு வருஷந்தோறும் மூன்று சங்கங்கள் ஏறுகின்றன. முதற்பிரிவின் அடியில் நிற்கும் மூன்று சங்கங்கள் இறங்குகின்றன. ஏறுவோரில் மூன்றாமவர் யார் என்பதை அந்த ஒரு பந்தயமே தீர்மானிக்கிறது. வென்ற ஊரில் அன்றிரவு திருவிழாதான். ஆயினும் ஆரவாரம் அடங்கிய மறுநாளே நிர்வாகிகளின் முன் ஒரு கேள்வி வந்து நிற்கிறது: வரப்போகும் பணத்தை எவ்வாறு செலவிடுவது? இதற்குச் சொன்ன விடையால் பிழைத்த சங்கங்களும் உண்டு. பாழான சங்கங்களும் உண்டு.

முதலில் வரவைப் பார்ப்போம். 2023-24ஆம் பருவத்தில் பிரீமியர் லீக்கின் கடைசி ஸ்தானத்தில் நின்ற சங்கத்துக்குங்கூட, டெலிவிஷன் உரிமை முதலியவற்றிலிருந்து 10 கோடி பவுனுக்கு மேல் கிடைத்தது. ஆனால் இவ்வருமானம் ஒரு பருவத்துக்கே நிச்சயமானது. கீழே விழுந்தால், டெலிவிஷன் பணத்தில் சமமாகப் பங்கிடப்படும் பகுதியில் முதல் வருஷம் 55 சதவீதமும், இரண்டாம் வருஷம் 45 சதவீதமும், மூன்றாம் வருஷம் 20 சதவீதமும் தாங்குதொகையாகத் தரப்படும். ஏறிய ஒரே பருவத்தில் இறங்கிய சங்கத்துக்கோ மூன்றாம் வருஷத் தொகை கிடையாது.

இனிச் செலவைக் கவனிப்போம். ஓர் ஆட்டக்காரரை மற்றொரு சங்கத்திலிருந்து 2 கோடி பவுன் கொடுத்து ஐந்து வருஷ ஒப்பந்தத்தில் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். கணக்குப் புத்தகத்தில் அத்தொகை ஒரே வருஷத்தில் பற்றெழுதப்படுவதில்லை. வருஷத்துக்கு 40 லட்சமாக ஐந்து வருஷங்களுக்குப் பிரிக்கப்படுகிறது. அவருக்கு வாரச் சம்பளம் 50,000 பவுன் என்றால், வருஷத்துக்கு 26 லட்சம். ஆக, ஒருவருக்கு வருஷச் செலவு 66 லட்சம். இத்தகையோர் பதின்மர் வந்தால் 6 கோடி 60 லட்சம். முதல் வருஷத்தில் இது சுமையாகத் தோன்றாது. ஆனால் வரவு ஒரு வருஷத்துக்கு. செலவோ ஐந்து வருஷங்களுக்கு. ஆபத்து முழுவதும் இந்த வித்தியாசத்திலேதான் இருக்கிறது.

இதனை அறியாது அகலக் கால் வைத்த சங்கம் பிராட்போர்டு. 77 வருஷங்களுக்குப் பின் 1999இல் அது முதற்பிரிவுக்கு ஏறியது. முதற்பருவத்தின் கடைசி நாளன்று லிவர்பூலை 1-0 என்று வென்று தப்பிப் பிழைத்தது. அவ்வெற்றி தந்த மயக்கத்தில் 2000ஆம் வருஷக் கோடையில் புகழ்பெற்ற ஆட்டக்காரர்களைப் பெருஞ்சம்பளத்தில் அமர்த்தினார்கள். 2001இல் சங்கம் கடைசி ஸ்தானத்துக்குப் போய் இறங்கியது. 2002இல் கடன் தீர்க்க வழியின்றி நிர்வாகம் வெளியார் கைக்கு மாறியது. 2007இல் நான்காம் பிரிவுக்கே விழுந்தது. ஒரு கோடைகாலத்து ஊதாரித்தனத்துக்கு ஓர் ஊர் பல வருஷம் வட்டி கட்டிற்று.

நாட்டிங்காம் பாரஸ்ட் சங்கத்தின் கதை வேறு வகை. 23 வருஷங்களுக்குப் பின் 2022இல் ஏறிய அச்சங்கம், அந்தக் கோடையிலேயே 20க்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்களைச் சேர்த்துக்கொண்டது. அந்நாளில் இருந்த லீக் விதிப்படி, முதற்பிரிவில் மூன்று வருஷமும் நிலைத்திருந்த சங்கம், முதலாளி தம் பணத்தைப் போட்டு ஈடுசெய்தால், 10 கோடி 50 லட்சம் பவுன் வரை நஷ்டம் காட்டலாம். கீழ்ப்பிரிவில் கழித்த வருஷம் ஒவ்வொன்றுக்கும் 1 கோடி 30 லட்சமே அனுமதி. ஆகையால் பாரஸ்டுக்கு வரம்பு 6 கோடி 10 லட்சமாயிற்று. அதனை 3 கோடி 45 லட்சம் மீறியதற்காக 2024 மார்ச்சில் நான்கு புள்ளிகள் கழிக்கப்பட்டன. பிரென்னன் ஜான்சனை ஜூன் 30ஆம் தேதிக்குள் விற்றிருந்தால் மீறல் பெரிதும் குறைந்திருக்கும். நல்ல விலைக்காகக் காத்திருந்து 2023 செப்டம்பரில் 4 கோடி 75 லட்சத்துக்கு விற்றோம் என்ற வாதம் ஏற்கப்படவில்லை.

விதியை மீறியது குற்றமே. எனினும் பழைய சங்கத்துக்கு ஓர் அளவும் புதிய சங்கத்துக்கு ஓர் அளவும் வைத்துவிட்டு, இருவரையும் ஒரே மைதானத்தில் மோதவிடுவது என்ன நியாயம்? ஏற்கெனவே செல்வமுள்ளோருக்கு மேலும் செலவிட அனுமதி. புதிதாக வந்தவனுக்குக் கட்டுப்பாடு. 2023-24, 2024-25 ஆகிய இரு பருவங்களிலும் ஏறிய மூன்று சங்கங்களும் அடுத்த மே மாதமே இறங்கின என்பதை இதனோடு சேர்த்து யோசிக்க வேண்டும்.

அநீதி இருக்கிறதென்பதற்காகத் தற்கொலை செய்துகொள்ளலாகாது. 74 வருஷங்களுக்குப் பின் 2021இல் ஏறிய பிரென்ட்போர்டு, அதற்கு முந்திய வருஷமே தன் சிறந்த முன்னணி ஆட்டக்காரரான ஆலி வாட்கின்ஸை ஆஸ்டன் வில்லாவுக்கு விற்றிருந்தது. பெரும் பெயர்களைத் தேடாமல், பிற்காலத்தில் விலை ஏறக்கூடிய இளைஞர்களைத் தேடிப் பிடிப்பதே அதன் முறை. முதற்பருவத்தில் 13ஆம் ஸ்தானம் பெற்று, முதற்பிரிவில் நிலைத்தது. லூட்டன் சங்கமோ 2023இல் ஏறி, அளவோடு செலவிட்டு, 2024இல் இறங்கியது. 2025இல் மேலும் ஒரு படி கீழே போயிற்று. சிக்கனம் வெற்றிக்கு உத்தரவாதமல்ல என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பிராட்போர்டைப் போல் அது கடன்காரர் வாசலில் நிற்கவில்லை. விழுந்தவன் எழுவதற்குக் கால்களாவது மிஞ்ச வேண்டும்.

ஆகையால் ஏறிய சங்கம் முதல் நாளிலேயே இரண்டு பட்ஜெட்டுகள் தயாரிக்க வேண்டும்: ஒன்று நிலைத்தால், மற்றொன்று விழுந்தால். இறங்கினால் சம்பளம் குறையும் என்ற ஷரத்து ஒவ்வோர் ஒப்பந்தத்திலும் இருக்க வேண்டும். மைதானத்துக்கும் இளைஞர் பயிற்சிக்கும் இடும் பணம் மேற்படி நஷ்ட வரம்பில் சேர்க்கப்படவில்லை. பிரிவு மாறினாலும் அப்பயன் ஊரைவிட்டுப் போகாது. ஏறியவனிடம் பணம் இருக்கிறதென்று அறிந்தே விற்பவர் விலையை உயர்த்துகிறார். அதற்கு மறுத்துச் சொல்லத் தெரிந்தவரே நிர்வாகி.

2025 ஜூலையில் பிரிட்டிஷ் பார்லிமெண்டு கால்பந்து நிர்வாகச் சட்டத்தை இயற்றி, சங்கங்களின் நிதி நிலையைக் கண்காணிக்கத் தனி ஸ்தாபனம் ஒன்றுக்கு வழி செய்தது. வரவேற்கத்தக்கதே. ஆயினும் சட்டத்தினும் வலிய காவல் ரசிகர்களின் விழிப்பே. இச்சங்கங்களின் வருஷாந்தரக் கணக்குகள் எவரும் பார்க்கக் கிடைப்பவை. கோல் விழுந்தால் எழுந்து நின்று கோஷிக்கும் ஜனங்கள், ஐந்தொகையையும் படித்துக் கேள்வி கேட்கப் பழக வேண்டும். முதலாளிகள் வருவார்கள், போவார்கள், ஆட்டக்காரர்களும் அவ்வாறே. கடன் மட்டும் ஊரின் பெயரில் நிற்கும்.