திரையில் கண்ட இயேசுவும் நற்செய்தி காட்டும் இயேசுவும்



இயேசுவின் வாழ்வைக் கதையாகச் சொல்லும் 'தி சோசன்' என்ற தொலைக்காட்சித் தொடரை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். ஆலங்காயத்தில் குடும்பமாக உட்கார்ந்து பார்ப்பவர்கள் உண்டு. ஜவ்வாது மலையில் சிக்னல் கிடைக்கும் மேட்டைத் தேடிப் போய்க் கைபேசியில் பார்க்கும் இளைஞர்களும் உண்டு. பார்த்தவர்கள் சொல்வது ஒன்றுபோல் இல்லை. "சாமி, பார்த்து அழுதுட்டேன்" என்கிறார்கள் சிலர். "ஃபாதர், இதெல்லாம் பைபிள்ல எங்க இருக்கு?" என்று கேட்கிறார்கள் சிலர். "ஜெபம் பண்ணக் கண்ணை மூடினா அந்த நடிகர் முகம்தான் வருது, இது தப்பா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்பவர்களும் இருக்கிறார்கள். கண்ணீர், கேள்வி, தயக்கம் ஆகிய இந்த மூன்றையும் குறித்து இன்று சிந்திப்போம்.

முதலில் தொடரைப் பற்றிச் சில வார்த்தைகள். இதை இயக்குபவர் டல்லஸ் ஜென்கின்ஸ் என்ற அமெரிக்கர். அவர் கத்தோலிக்கர் அல்ல. நற்செய்தி சபை மரபைச் சேர்ந்தவர். பெரிய நிறுவனங்களை நம்பாமல், பல்லாயிரம் எளிய மக்கள் போட்ட 1 கோடி டாலருக்கும் மேலான பணத்தில் முதல் சீசன் உருவாகி 2019-இல் வெளிவந்தது. மொத்தம் ஏழு சீசன்கள் என்பது அவர்கள் திட்டம். இயேசுவாக நடிக்கும் ஜொனத்தன் ரூமி கத்தோலிக்கர். 2021 ஆகஸ்டில் திருத்தந்தை பிரான்சிசைச் சந்தித்தவர். கத்தோலிக்கக் குரு ஒருவர், பிரிந்த சபையைச் சேர்ந்த விவிலிய அறிஞர் ஒருவர், இயேசுவை மெசியாவாக ஏற்ற யூத மரபினர் ஒருவர் எனப் பலரிடம் ஆலோசனை கேட்டு எழுதுகிறார்கள்.

இனி, "பைபிளில் எங்கே இருக்கிறது?" என்ற கேள்விக்கு வருவோம். நேர்மையான பதில், தொடரில் வரும் பல காட்சிகள் விவிலியத்தில் இல்லை என்பதே. கானா ஊர்த் திருமணத்தில் தோமா திராட்சை மது ஏற்பாடு செய்பவராக வருகிறார். நற்செய்தியில் அப்படி இல்லை. மலைப்பொழிவை ஆற்றும் முன் இயேசு மத்தேயுவை அருகில் வைத்துக்கொண்டு தயார் செய்கிறார், அதுவும் இல்லை. இதை அவர்கள் மறைக்கவுமில்லை. முதல் சீசனின் தொடக்கத்திலேயே, பின்னணிக் கதைகளும் உரையாடல்களும் சேர்க்கப்பட்டுள்ளன, நற்செய்தி நூல்களைப் படியுங்கள் என்று திரையில் அறிவிப்பு வருகிறது. நாம்தான் பல நேரம் அதைத் தள்ளிவிட்டுக் கதைக்குப் போய்விடுகிறோம்.

விவிலியத்தில் இல்லை என்பதாலேயே ஒன்று தவறாகிவிடுமா? தவக்கால வெள்ளிக்கிழமைகளில் நாம் சிலுவைப்பாதை செய்கிறோம். ஆறாம் நிலையில் இயேசுவின் முகத்தைத் துடைக்கும் வெரோணிக்காவின் பெயர் நான்கு நற்செய்திகளில் எதிலும் இல்லை. இயேசு மூன்று முறை விழுந்தார் என்றும் அங்கே எழுதப்படவில்லை. கீழ்த்திசை ஞானிகள் மூவர் என்று மத்தேயு எண்ணிச் சொல்லவில்லை. 1223-இல் கிரேச்சோவில் புனித பிரான்சிஸ் அமைத்த குடிலில் நின்ற மாடும் கழுதையும் லூக்காவின் கிறிஸ்து பிறப்பு வரலாற்றில் வருவதில்லை. ஆனாலும் அந்தக் குடிலின் முன் மண்டியிட்ட எத்தனையோ தலைமுறைகள் விசுவாசத்தில் வளர்ந்திருக்கின்றன.

நம் தமிழ் மண்ணில் இதற்கு இன்னும் அழகான சான்று இருக்கிறது. புனித யோசேப்பு பேசியதாக நற்செய்தியில் ஒரு சொல்கூட இல்லை. அந்த மௌன மனிதரைத் தலைவராக வைத்து வீரமாமுனிவர் 1726-இல் தேம்பாவணி பாடினார். மூன்று காண்டங்கள், 36 படலங்கள், 3,615 பாடல்கள்! விவிலியம் சொல்லாத எத்தனையோ நிகழ்ச்சிகளை அவர் அதில் சேர்த்தார். தமிழ்த் திருஅவை அதைத் தலைமேல் வைத்துக் கொண்டாடுகிறது. ஆனால் எந்தப் பங்கிலும், எந்த நாளிலும், நற்செய்தி வாசகத்துக்குப் பதிலாகத் தேம்பாவணியை வாசித்ததில்லை. நற்செய்தி வாசிக்கும்போது நாம் எழுந்து நிற்கிறோம். காவியத்தை உட்கார்ந்து சுவைக்கிறோம். இந்த வேறுபாடு நம் முன்னோருக்குத் தெரிந்திருந்தது. சிலுவைப்பாதையிலும் திருஅவை இதை மறக்கவில்லை. 1991-இல் புனித வெள்ளியன்று, திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், விவிலியத்தில் உள்ள நிகழ்வுகளை மட்டும் கொண்ட நிலைகளால் சிலுவைப்பாதை நடத்தினார். பழைய நிலைகளை அவர் நீக்கிவிடவில்லை. எது எங்கிருந்து வந்தது என்பதை நாம் அறிய வழி செய்தார்.

எனவே ஒரு காட்சியைப் பார்த்தபின் நாம் கேட்க வேண்டியவை இரண்டு. இது நற்செய்திக்கும் திருஅவையின் விசுவாசத்துக்கும் முரணாக இருக்கிறதா? இது நம்மை எங்கே கொண்டுபோய் விடுகிறது?

முதல் கேள்வியை வைத்துப் பார்ப்போம். இயேசு சிரிக்கிறார், நண்பர்களைக் கேலி செய்கிறார், திருமண வீட்டில் ஆடுகிறார் என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. ஆனால் அவர் உண்மையான இறைவனும் உண்மையான மனிதரும் ஆவார் என்று 451-இல் கால்செதோன் பொதுச்சங்கம் அறிக்கையிட்டது. சிறுவன் இயேசு ஞானத்திலும் வளர்ந்தார் என்று லூக்கா எழுதுகிறார். சிரிக்காத இயேசுதான் கடவுள் என்று நாம் நினைத்தால், பிழை தொடரில் இல்லை, நம்மிடம்தான் இருக்கிறது. அதேவேளையில், அன்னை மரியா தம் பிள்ளைப்பேற்றை நினைவுகூரும் காட்சி கத்தோலிக்கர் பலருக்கு உறுத்தியது. அந்த உறுத்தல் நியாயமானதே. மரியா எப்பொழுதும் கன்னி என்பது நம் விசுவாசம். அவர் மகனின் பிறப்பு அந்தக் கன்னிமையைக் குறைக்கவில்லை, புனிதப்படுத்தியது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் கற்பிக்கிறது. பல சபையினர் சேர்ந்து எடுக்கும் தொடரில் இவை எல்லாம் நம் மறைக்கல்வி சொல்வதுபோல் வரும் என்று எதிர்பார்க்க முடியாது. பிள்ளைகளோடு பார்க்கும் பெற்றோர் அந்த இடத்தில் நிறுத்தி விளக்கிச் சொல்ல வேண்டும்.

அதற்காகப் பார்க்காமலே கண்டிப்பதும் முறையல்ல. 1977-இல் சேஃபிரெல்லியின் 'நாசரேத்தூர் இயேசு' தொடர் ஒளிபரப்பாகும் முன்பே, அதைப் பார்த்திராத ஒரு போதகர் அமெரிக்காவில் கண்டனம் எழுப்பினார். விளம்பரம் கொடுக்க இருந்த பெரிய கார் நிறுவனம் விலகிக்கொண்டது. அதே ஆண்டு குருத்து ஞாயிறன்று திருத்தந்தை ஆறாம் பவுல் அந்தத் தொடரைப் பாராட்டிப் பேசினார்.

அடுத்தது, நடிகரின் முகம் மனத்தில் வருவது. 1987-இல் தூர்தர்ஷனில் இராமாயணம் வந்தபோது, குளித்துவிட்டு வந்து, தொலைக்காட்சிப் பெட்டிக்கு மாலை போட்டு, ஊதுபத்தி ஏற்றிப் பார்த்த வீடுகள் இந்தியா முழுவதும் இருந்தன. இராமராக நடித்தவரைக் கண்டவர்கள் காலில் விழுந்தார்கள். நம் மக்களின் மனம் அப்படிப்பட்டது. உருவத்தைக் கண்டால் கை தானே குவிந்துவிடும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 787-இல் கூடிய இரண்டாம் நீசேயாச் சங்கம், உருவத்துக்குச் செய்யும் வணக்கம் அந்த உருவம் யாரைக் குறிக்கிறதோ அவரையே சென்றடைகிறது என்று தெளிவாக்கியது. உருவம் நம்மைக் கடத்திவிடும் வழி. அங்கேயே தங்கிவிடுவதற்கான இடம் அல்ல.

நம் ஊருக்கு அருகே காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. அங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கியை நம்மில் பலர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்திருப்போம். 1986-இல் அதற்கு அந்த அறிஞரின் பெயரைச் சூட்டிய நாள் ஜனவரி 6, விண்மீனைப் பின்தொடர்ந்த ஞானிகளை நாம் நினைவுகூரும் நாள். அந்தக் கண்ணாடியின் அழகை மெச்சுவதற்காக யாரும் அதைச் செய்யவில்லை. அதன் வழியாக விண்மீனைப் பார்க்கத்தான் செய்தார்கள். ஜெபத்தில் நடிகரின் முகம் வந்தால் பதற வேண்டாம். அதன் வழியாக ஆண்டவரோடு பேசத் தொடங்குங்கள். அன்றைய நற்செய்தியை மெதுவாக வாசியுங்கள். முகம் மங்கி, வார்த்தை நிலைக்கும்.

இனி, கண்ணீர். பார்த்தவர்களை அதிகம் அழ வைத்த, சிலரைக் கோபப்படவும் வைத்த இரண்டு காட்சிகளை எடுத்துக்கொள்வோம்.

மூன்றாவது சீசனில் சின்ன யாக்கோபு இயேசுவிடம் கேட்கிறார்: மற்றவர்களைக் குணமாக்க என்னை அனுப்புகிறீர்களே, என்னை ஏன் குணமாக்கவில்லை? தொடரில் அவர் கால் ஊன்றி நடக்கச் சிரமப்படுபவர். அந்த வேடத்தில் நடிக்கும் ஜோர்டன் வாக்கர் ராஸ் என்பவருக்கு உண்மையிலேயே முதுகெலும்பு வளைவும் மூளை முடக்குவாதத்தின் பாதிப்பும் உண்டு. நடிப்பதற்காக அவர் நொண்டவில்லை. குணமாகாத நிலையிலும் நீ என்னை நம்பி நடப்பது பெரிய சாட்சி என்ற பொருளில் இயேசு அவருக்குப் பதில் சொல்கிறார்.

நான்காவது சீசனில் தோமாவுக்கு நிச்சயிக்கப்பட்ட பெண் உரோமை அதிகாரியின் வாளால் இறக்கிறாள். அவளை எழுப்பும்படி தோமா கெஞ்சுகிறார். இயேசு அழுகிறார், ஆனால் எழுப்பவில்லை. பிறகு இலாசரை எழுப்புகிறார். "அவனுக்கு மட்டும் ஏன்?" என்ற வேதனையில் தோமா உடைந்துபோகிறார். இயேசுவை இரக்கமற்றவராகக் காட்டிவிட்டார்கள் என்று பலர் கொதித்தார்கள்.

இந்த இரண்டும் நற்செய்தியில் இல்லை. ஆனால் இந்தக் கேள்வி நம் வீடுகளில் இருக்கிறது. மலையிலிருந்து மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வழியிலேயே பிள்ளையை இழந்த தாய் கேட்கும் கேள்வி இது. பிறந்ததிலிருந்து நடக்க முடியாத மகனைத் தூக்கிச் சுமக்கும் தந்தை கேட்கும் கேள்வி இது. "உனக்கு விசுவாசம் போதவில்லை, அதனால்தான் குணமாகவில்லை" என்று மேடையிலும் தொலைக்காட்சியிலும் சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள். நோயின் பாரம் போதாதென்று, குற்ற உணர்வையும் அந்தக் குடும்பத்தின் தலையில் ஏற்றிவிடுகிறார்கள். அந்தப் போதனைக்கு எதிராக இத்தொடர் நிற்கிறது என்பதற்காக நாம் நன்றி சொல்லலாம். புனித பவுலும் தம் உடலில் தைத்த முள்ளை நீக்கும்படி மூன்று முறை ஆண்டவரிடம் மன்றாடினார். முள் நீங்கவில்லை, அருள் கிடைத்தது. பவுலுக்கு விசுவாசம் போதவில்லை என்று யார் சொல்வார்கள்?

ஆனால் தொடர் நம்மைக் கொண்டுவந்து நிறுத்தும் இடத்திலிருந்து நற்செய்தி இன்னும் ஓர் அடி எடுத்து வைக்கிறது. தோமா நம் திருத்தூதர். பரங்கிமலையிலும் மயிலாப்பூரிலும் நாம் வணங்கும் தோமா. யோவான் நற்செய்தியில் அவர் கேட்பது விளக்கம் அல்ல. ஆணிகளின் தழும்பைக் காண வேண்டும், விலாவைத் தொட வேண்டும் என்கிறார். உயிர்த்த ஆண்டவர் அந்தக் காயங்களைக் காட்டுகிறார். சாவை வென்ற உடலில் காயங்கள் மறையவில்லை! துன்பம் ஏன் என்ற கேள்விக்கு நம் கடவுள் காரணம் சொல்லவில்லை. தாமே காயப்பட்டு நம் நடுவே வந்து நிற்கிறார். அதைக் கண்ட தோமா ஈட்டியால் குத்துண்டு இந்த மண்ணில் உயிர் துறந்தார் என்பது நம் மரபு.

இப்போது இரண்டாவது கேள்வி: நம் கண்ணீர் நம்மை எங்கே கொண்டுபோய் விடுகிறது? திரையில் சின்ன யாக்கோபுக்காக அழும் நாம், நம் தெருவில் சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளையைத் திருப்பலிக்கு அழைத்து வந்திருக்கிறோமா? திருவிழாத் தேர் நிற்கும் வாசல்களில் அந்த வீட்டு வாசலும் ஒன்றா? தோமாவுக்காக இரங்கிய நாம், துக்க வீட்டுக்குப் பதினாறாம் நாளுக்குப் பின் எத்தனை முறை போனோம்? திரையோடு காய்ந்துவிடும் கண்ணீரால் யாருக்கும் ஆறுதல் இல்லை.

ஆகவே, அன்புக்குரியவர்களே, தொடரைப் பாருங்கள், குடும்பமாகப் பாருங்கள். பார்த்த இரவே அந்தப் பகுதியை விவிலியத்தில் திறந்து, எது நற்செய்தி, எது கற்பனை என்று பிள்ளைகளையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். ஞாயிறு திருப்பலிக்கு அது ஈடாகாது என்பதை மறவாதீர்கள்; திரையில் இருப்பவர் நடிகர், பீடத்தில் நற்கருணையில் இருப்பவர் ஆண்டவர். அந்த வாரமே நோயுற்ற ஒருவர் வீட்டுப் படியை மிதியுங்கள். வர இயலாதவர்கள் யாரென்று பங்கில் சொல்லுங்கள். அவர்கள் இல்லத்துக்கே நற்கருணையைக் கொண்டு செல்வோம்.

காயங்களோடு உயிர்த்த ஆண்டவர் நம்மையும், நம் வீடுகளில் நோயோடும் இழப்போடும் வாழும் ஒவ்வொருவரையும் ஆசீர்வதித்துக் காப்பாராக. ஆமென்.