ரெண்டு ஆறா, ரெண்டு எட்டா?

வளையல் கடையில் “ரெண்டு ஆறு கொடுங்க, ரெண்டு எட்டு கொடுங்க” என்று கேட்பார்கள். 2-8 என்றால் 2.8 அங்குலம் என்றே நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். அப்படியென்றால் அதற்கடுத்து வரும் 2-10 என்ன அளவு? இது தசமக் கணக்கே இல்லை. அங்குலத்தைப் பதினாறாகப் பங்கிட்டு, அதில் எத்தனை பங்கு என்று சொல்வது. பழைய கணக்கில் வீசம் என்றார்களே, அதே பதினாறில் ஒன்று. 2-4 இரண்டே கால் அங்குலம், 2-8 இரண்டரை.

எதன் அளவு? வளையலின் உள்விட்டம். ஸ்கேலை வளையலின் குறுக்கே ஓரமாக வைத்து மெல்ல நகர்த்துங்கள். உள்விளிம்பிலிருந்து உள்விளிம்புக்கு விழும் ஒவ்வொரு கோடும் ஒரு நாண். நகர்த்த நகர்த்த நாண் நீண்டுகொண்டே போய், ஓரிடத்துக்குப் பிறகு குறையத் தொடங்கும். மிக நீண்ட அந்த நாண்தான் விட்டம். அதில் பாதி ஆரம். மாட்டுவண்டிச் சக்கரத்தில் ஆரக்கால்கள் ஆரத்தைக் கண்ணுக்கே காட்டிவிடும். வளையலின் நடுவிலோ ஒன்றும் இல்லை. காகிதத்தில் வைத்து வரைந்து, இரண்டு நாண்களின் நடுவில் செங்குத்துக் கோடுகள் போட்டால், அவை வெட்டும் இடம் மையம்.

ஆனால் கை வட்டமில்லையே, அதற்கு ஏது விட்டம்? கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, கையின் அகன்ற பகுதியைச் சுற்றி நூல் பிடியுங்கள். நூல் 20 செ.மீ. வருகிறது என்று வையுங்கள். அது சுற்றளவு. அதை 22/7-ஆல் வகுத்தால், அதாவது ஏழால் பெருக்கி 22-ஆல் வகுத்தால், விட்டம் 6.36 செ.மீ. இரண்டரை அங்குலம் 6.35 செ.மீ. ஆக, 2-8.

இந்த 22/7, சுற்றளவு விட்டத்தைப் போல் எத்தனை மடங்கு என்று சொல்லும் ‘பை’யின் சரியான மதிப்பு இல்லை, சற்றே கூடுதல். கி.பி. 499-லேயே ஆரியபட்டர் 3.1416 வரை வந்துவிட்டார். வளையலுக்கு அவ்வளவு நுணுக்கம் வேண்டாம். 22/7-ஆல் வரும் பிழை மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

2-6-க்கும் 2-8-க்கும் விட்டத்தில் வித்தியாசம் வெறும் அரைக்கால் அங்குலம், 3 மி.மீ. சொச்சம். சுற்றளவில் அதுவே 10 மி.மீ. ஆகிவிடுகிறது. 2-8 தாராளமாக ஏறும் கையில் 2-6 முட்டியிலேயே நின்றுவிடுவது அதனால்தான். கண்ணாடி வளையல் துளியும் விரிந்து கொடுக்காது. கடைக்காரம்மா கையை அமுக்கிப் பிசைந்து, எலும்புகளை ஒடுக்கி, கையின் சுற்றளவைத்தான் குறைத்துப் பார்க்கிறார்.